ஐந்து பேருக்கு ஒரே ஊசி

6

"பதினாலாவது ஸ்டாப்பிங், மேடம். யாராச்சும் எறங்கறீங்களா?" என்று கேட்டார் சுப்புராயன், சைக்கிளைத் தோளில் தூக்கி வைத்தபடி.

அவர் ஸ்டாப்பிங் என்று சொன்னது சாலைக்குக் குறுக்கே கிடந்த ஒரு புளியமரத்தை. கச்சிராயபாளையத்திலிருந்து கல்வராயன் மலைக்கு ஏறுகிற வழி நெடுக இப்படித்தான். 1987 புரட்டாசி. இட ஒதுக்கீடு கேட்டு ஒரு வாரம் நடந்த சாலை மறியல் முடிந்து மூன்று நாளாகிவிட்டது. மரத்தை வெட்டிச் சாய்த்தவர்களில் பாதிப் பேர் வீட்டுக்கும் பாதிப் பேர் ஜெயிலுக்கும் போய்விட்டார்கள். மரங்களுக்குத்தான் போக வழியில்லை. பஸ் ஓடவில்லை. போன் கம்பி அறுந்து தொங்கியது. அவசரத்துக்கு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டுமென்றால் கள்ளக்குறிச்சி காசி தூரத்தில் இருந்தது.

ஜெயசுதா சிரிக்கவில்லை. சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு மரத்தின்மேல் ஏறி அந்தப் பக்கம் குதித்தாள். கள்ளக்குறிச்சியில் 'தனியார் துப்பறியும் நிலையம்' என்று போர்டு மாட்டி ஆறு வருஷம். ஓடிப்போன மாப்பிள்ளைகளையும் காணாமல்போன டிராக்டரையும் தேடிப் பிடித்திருக்கிறாள். ஒரு உயிர் போவதற்குள் கண்டுபிடி என்று வந்த கேஸ் இதுதான் முதல். பயத்தை மறைக்க வேகமாக நடந்தாள்.

சுப்புராயன் அவளைவிடப் பதினைந்து வயது மூத்தவர். ஒரு காலத்தில் பஸ் கண்டக்டர். பெரிய அதிகாரியின் மனைவியை "உள்ள போம்மா, படியில நிக்காத" என்று சொன்னதற்காக வேலை போனவர். வேலைதான் போனது, வாய் போகவில்லை.

"ஒரு தரம் சொல்லிப் பாத்துக்கலாமா, சுப்புராயண்ணே?" என்றாள்.

"சொல்லுங்க. எனக்கும் மூச்சு வாங்குது."

"கரும்புக் கொல்லையில காஞ்ச சோகை உரிச்ச அஞ்சு பொம்பளைங்களுக்குக் கால்ல கீறி, சீழ் வச்சு, காய்ச்சல். அஞ்சு பேருக்கும் பச்சமுத்து ஊசி போட்டாரு."

"டாக்டருக்குப் படிக்காத டாக்டரு."

"புரட்டாசி ஒண்ணாந்தேதி ஆரம்பிச்சு அஞ்சு நாள், காலையும் சாயந்தரமும். காய்ச்சல் விட்டுது. அதே அஞ்சு நாளும் அன்புச்செல்வன் அஞ்சு பேருக்கும் ஏதோ மாவுப் பொட்டலம் குடுத்திருக்கான். கடல் பத்திப் படிக்கிற பையன், லீவுக்கு வந்தவன். ஏழாம் நாள் ரெண்டு பேருக்கு மூத்திரம் நின்னுபோச்சு. மொகம் வீங்கிப்போச்சு. பழி மாவு மேல. பையன் மலைப் பக்கம் ஓடிட்டான்."

"பச்சமுத்து மேல ஏன் இல்ல?"

"ரெண்டு பேர்ல ஒருத்தி, இசைவாணி, அவரு பெத்த பொண்ணு. சொந்தப் பொண்ணுக்குப் போட்ட ஊசியில யாருக்காவது சந்தேகம் வருமா?"

"எனக்கு வராது," என்று ஒப்புக்கொண்டார் சுப்புராயன்.

இன்னொருத்தி செவ்வந்தி. அவள் புருஷன் ராசு நேற்று இருபது கிலோமீட்டர் நடந்து, மரம் மரமாகத் தாண்டி, கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்குப் போய் டாக்டரம்மா காலில் விழுந்திருக்கிறான். அவர் வர முடியாத நிலைமை. வராந்தா முழுக்கத் தடியடியில் மண்டை உடைந்தவர்கள். "உள்ள போனது இன்னான்னு தெரிஞ்சாதான் நான் எதையும் நிறுத்தவோ குடுக்கவோ முடியும். அந்தப் பையனைக் கண்டுபிடிச்சுக் கேளுங்க," என்று சொல்லி, தன் சிநேகிதி ஜெயசுதாவிடம் அனுப்பி வைத்தார். ராசு படியேறி வந்து சொன்ன ஒரே வாக்கியம் இது: "நாளைக்குப் பொழுது சாயறதுக்குள்ள அவன் வாயத் தொறக்கணும், இல்லன்னா எம் பொண்டாட்டி கண்ண மூடிடுவா."

அந்த நாளை, இன்றுதான். சனிக்கிழமை. பொழுது உச்சிக்கு வந்துவிட்டது.

மலையேறியதும் வருகிற முதல் ஊரில் சாமைக் கொல்லைக்கு நடுவே ஒரு பெரியவர் நின்றிருந்தார். சடையன் என்று பெயர் சொன்னார். "வெளியாள் யாரையாச்சும் பாத்தீங்களா?" என்று சுப்புராயன் கேட்க, "நீங்கதான் வெளியாளு," என்று பதில் வந்தது. அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

ஜெயசுதா முன்னால் வந்தாள். "ஐயா, உங்ககிட்ட யாராச்சும் எலிக்குத் தீனி கேட்டாங்களா?"

சடையனுக்கு முகம் சிவந்துவிட்டது. "அந்தக் கூத்த ஏன் கேக்கற! எலி சாமையத் தின்னுதுன்னு நாங்க ராவெல்லாம் கிட்டி வச்சுக்கினு கெடக்கறோம். இவன் கீழ இருந்து வெள்ளெலியக் கூண்டோட தூக்கிக்கினு வந்து, அதுக்கு எங்கிட்டயே சாமை கேக்கறான். பைத்தியம்னு பரண்ல ஏத்தி உக்கார வச்சிருக்கேன்."

சுப்புராயன் அவளை வியப்பாகப் பார்த்தார். "எலி எப்படி மேடம் தெரிஞ்சுது?"

"அவன் வீட்டை ஊர்க்காரங்க அடிச்சு நொறுக்கினப்ப சட்டை இருந்துது, சர்ட்டிபிகேட் இருந்துது. எலிக்கூண்டு மட்டும் இல்லன்னு ராசு சொன்னான். சர்ட்டிபிகேட்டை விட்டுட்டு எலியத் தூக்கிக்கிட்டு ஓடறவன் கொலைகாரன் இல்லண்ணே. அவனுக்கு இன்னும் ஏதோ பாக்க வேண்டியது பாக்கி இருக்கு."

காவல் பரணில் அன்புச்செல்வன் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். இருபத்தாறு வயது இருக்கும். நாலு நாள் தாடி. பக்கத்தில் கம்பிக் கூண்டில் எட்டு வெள்ளெலிகள். இவர்களைப் பார்த்ததும் ஓடக்கூட முயலவில்லை.

"அடிக்கணும்னா அடிச்சுடுங்க. எலிங்களை விட்டுடுங்க," என்றான்.

"அடிக்க வரல தம்பி. அந்த மாவு இன்னா?"

"ஆளின்னு ஒரு சிப்பி. கடல் பாறையில ஒட்டிக்கிட்டு இருக்கும். அதோட சதையிலேர்ந்து எடுத்த புரதம். அவ்வளவுதான். நானே தெனம் சாப்பிடறேன்."

"எதுக்குக் குடுத்தே?"

அவன் கூண்டைக் காட்டினான். "இந்த மாதிரி எலிங்களுக்குத்தான் ரெண்டு வருஷமா செய்யறேன். ஜென்டாமைசின்னு ஒரு ஊசி மருந்து. சீழை அடக்கறதுல கெட்டிக்காரன். ஆனா ஜாஸ்தியாப் போட்டா சிறுநீரகத்தைக் கெடுக்கும். அந்த ஊசி மட்டும் போட்ட எலிக்குச் சிறுநீரகம் வெளுத்து வீங்கிப்போச்சு. ஊசியோட இந்தப் புரதமும் தின்ன எலிக்கு அவ்வளவு கெடுதல் இல்ல. எலிக்குத்தான் பாத்திருக்கேன். மனுஷங்களுக்குன்னு சொல்ல எனக்கு அருகதை இல்ல."

"அப்புறம் ஏன் மனுஷங்களுக்குக் குடுத்த?" என்று சுப்புராயன் எகிறினார்.

அன்புச்செல்வன் தலையைக் குனிந்துகொண்டான். "பச்சமுத்து மாமா போட்டது அதே ஊசி. கடலூர்லேர்ந்து வாங்கியாந்தது நான்தான். மறியல்ல பஸ் நிக்கப்போவுது, வரும்போதே ஒரு பெட்டி வாங்கியான்னு லெட்டர் போட்டிருந்தாரு. பெரிய ஆளுங்களுக்குப் போடற அளவுக்கு மேலயே போடறாருன்னு பாத்து, கம்மி பண்ணுங்க மாமான்னு கெஞ்சினேன். 'எலிக்குத்தானேடா நீ டாக்டரு'ன்னு சிரிச்சாரு. ஊசிய நிறுத்த முடியல. கையில மாவு இருந்துது. சத்து மாவுன்னு பொட்டலம் கட்டிக் குடுத்தேன். அஞ்சு பேரும் வாங்கிக்கிட்டாங்க. இப்ப ரெண்டு பேரு..." அவன் குரல் உடைந்தது. "மாவு காப்பாத்தல. இல்லன்னா மாவேதான் கெடுத்துது. எதுன்னு தெரியாம எப்படிங்க தூங்கறது? மாவோட கொஞ்சம் மருந்தும் தூக்கியாந்தேன். எலிங்க சொல்லிடும்னு பாத்தேன்."

"எலிங்க சொல்றதுக்குள்ள செவ்வந்தி போயிடுவா. எழுந்திரு," என்றாள் ஜெயசுதா.

"கீழ போனா வெட்டிடுவாங்க."

"ஆமா. ஆனாலும் வா."

அந்த 'ஆமா'தான் அவனை எழுப்பியது. பயப்படாதே என்று சொல்லியிருந்தால் வந்திருக்க மாட்டான்.

இறங்கும்போது ஜெயசுதா மனசுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டே வந்தாள். ஐந்து பேருக்கும் ஒரே ஊசி, ஒரே அளவு, ஒரே ஐந்து நாள். ஐந்து பேருக்கும் ஒரே மாவு. மூன்று பேர் களை வெட்டப் போய்விட்டார்கள், இரண்டு பேர் பாயில் கிடக்கிறார்கள். இதில் வித்தியாசம் எங்கே இருக்கிறது? வயது? இல்லை, ஐந்தும் இருபதிலிருந்து முப்பதுக்குள். தண்ணீர்? ஐந்து வீட்டுக்கும் கோமுகி வாய்க்கால்தான். யோசிக்க யோசிக்கத் தலை சுற்றியதே தவிர ஒன்றும் பிடிபடவில்லை. சூரியன் வேறு மேற்கே சரசரவென்று இறங்கிக்கொண்டிருந்தது.

கச்சிராயபாளையம் எல்லையில் செவ்வந்தியின் தெரு. நுழையும்போதே சுப்புராயன் வேலிப்பக்கம் கை நீட்டினார்.

"பாத்தீங்களா மேடம்? நம்ம பஸ் எம்ப்ளாயீஸ்கூட ஒரு மாசம் சேந்தாப்ல லீவு எடுத்ததில்ல. கருவாட்டுச் சட்டி எடுத்திருக்கு!"

வேலிக் கள்ளியின்மேல் ஒரு கறுத்த மண்சட்டி கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. வாயில் பழந்துணி கட்டியிருந்தது.

ஜெயசுதா நின்றுவிட்டாள். "யார் வீட்டுச் சட்டி அது?"

"செவ்வந்தி வூட்டுதுதான்," என்றார் இந்த ரூட்டில் பல வருஷம் டிக்கெட் கிழித்த சுப்புராயன். "பெருமாள் வூட்டுக்காரங்க. புரட்டாசி பொறந்தா மாசம் பூரா கவிச்சி தொட மாட்டாங்க. சட்டியக்கூட வாசப்படி தாண்டி உள்ள வுட மாட்டாங்க."

"மத்த வீடுங்க?"

"சனிக்கிழமை மட்டும் விரதம். ஞாயித்துக்கெழமை கொழம்பு மணக்கும்."

அவள் ஓடினாள். சட்டியை இறக்கி, துணியை அவிழ்த்து உதறினாள். மண்ணில் பொத்துப் பொத்தென்று விழுந்தன பழைய செய்தித்தாளில் மடித்த பொட்டலங்கள். ஒன்றுகூடப் பிரிக்கப்படவில்லை. ஒன்றைப் பிரித்தாள். மங்கலான மஞ்சள் மாவு, கடற்கரை வாடை.

அன்புச்செல்வன் மண்டியிட்டு எண்ணினான். "பத்து. நாளைக்கு ரெண்டு வீதம் அஞ்சு நாளைக்குக் குடுத்தது. அப்படியே இருக்கு. சாப்பிடவே இல்ல!"

"எப்படிச் சாப்பிடுவா? மோந்து பாத்திருப்பா. கவிச்சின்னு தெரிஞ்சிருக்கும். படிச்ச புள்ள வீடு தேடி வந்து குடுக்கறத வேணாம்னு மூஞ்சிக்கு நேரா சொல்ல வாய் வந்திருக்காது. குப்பையில போட்டா நீ பாத்துடுவே. வீட்டுக்குள்ள வைக்க முடியாது. கவிச்சி வைக்க வீட்டுல இருக்கற ஒரே எடம் எது? கவிச்சிச் சட்டி." ஜெயசுதாவுக்குப் பேசப் பேச மூச்சு முட்டியது. "சுப்புராயண்ணே, சைக்கிளை எடுங்க. பச்சமுத்து வீட்டு வேலியில என்ன இருக்குன்னு பாத்துட்டு வாங்க. அவரும் நாமம் போட்டவர்தானே?"

"ரெட்டை நாமம்," என்று சொல்லிக்கொண்டே அவர் பறந்தார்.

அதற்குள் சத்தம் கேட்டு ராசு வெளியே வந்துவிட்டான். அன்புச்செல்வனைப் பார்த்ததும் கூரையில் செருகியிருந்த கொடுவாளை உருவினான். ஜெயசுதா நடுவில் புகுந்து அந்தப் பொட்டலங்களை அவன் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"ராசு! இதப் பாரு. உம் பொண்டாட்டி மாவைத் தொடவே இல்ல. வெஷம்னு ஒண்ணு இருந்தா அது இதுல இல்ல."

கொடுவாள் காற்றில் நின்றது. "தொடலியா?"

"உள்ள கூட்டிட்டுப் போ."

செவ்வந்தி சுவரோரம் பாயில் கிடந்தாள். இமைகள் பணியாரம்போல உப்பிக் கண்ணை மூடியிருந்தன. கால் விரல்கள் வரை வீக்கம். ஜெயசுதா காதருகே குனிந்து, "சட்டியில வச்சது நீயாம்மா?" என்று கேட்டாள்.

உதடு மெதுவாக அசைந்தது. "காச்ச நல்லாவணும்னு... பெருமாளுக்கு வேண்டிக்கினேன்... எப்படித் துன்றது..."

ராசு சுவரில் தலையை முட்டிக்கொண்டு அழுதான். ஜெயசுதாவுக்குக் கணக்கு முழுதாகச் சேர்ந்துவிட்டது. மாவைத் தின்ற மூவர் நன்றாக இருக்கிறார்கள். அது மாவாலா, அவர்கள் உடம்பு வாகாலா என்பது அன்புச்செல்வனின் எலிகள் சொல்ல வேண்டிய சங்கதி. பாயில் கிடக்கிற இருவருக்குள் போனது ஊசி மட்டும்தான்.

"ஊசி நின்னு அஞ்சு நாளாச்சு. திடமான நாலு ஆளப் புடிச்சு, கயித்துக் கட்டில்ல வச்சு, மரம் மரமாத் தாண்டி டாக்டரம்மாகிட்ட கொண்டு போயிட்டா வழி இருக்கு. ஏன் ராசு, நேத்தே தூக்கல?"

"பச்சமுத்து அண்ணன் அசைக்கக் கூடாதுன்னுட்டாருங்க. இங்கயே வச்சுப் பாத்துக்கறேன்னாரு. பாவம், தன் பொண்ணும் படுத்துக் கெடக்கறா, அப்பவும் வுடாம மூணு நாளா காலையும் சாயந்தரமும் வந்து ஊசி போட்டுக்கினு இருக்காரு. அவரு இல்லன்னா இவ முந்தாநாளே போயிருப்பா."

"என்ன ஊசி?" என்று கேட்டான் அன்புச்செல்வன். அவன் முகத்தில் ரத்தமே இல்லை.

"தெரியலிங்க. சீட்டு கிழிச்ச பாட்டிலு. அவரு எல்லா பாட்டில்லயும் சீட்டைக் கிழிச்சுடுவாரு. பேரு தெரிஞ்சா ஜனங்க தானே கடையில வாங்கிப் போட்டுக்குவாங்கன்னு."

வாசலில் செருப்புச் சத்தம். பச்சமுத்து உள்ளே வந்தார். ஐம்பத்தைந்து வயது, வெள்ளை வேட்டி, நெற்றியில் நாமம், கையில் தோல் பை. மூன்று நாள் தூங்காத கண்கள். யாரையும் ஏறிட்டுப் பார்க்காமல் பையைத் திறந்து, கொதிக்க வைத்த ஊசிப் பெட்டியை எடுத்து, சின்ன பாட்டிலின் ரப்பர் மூடியில் ஊசியைக் குத்தினார்.

ஜெயசுதா அவர் மணிக்கட்டைப் பிடித்தாள். "அது என்ன மருந்து, ஐயா?"

"கைய வுடும்மா. உசுரு போவுது அவளுக்கு. அந்தப் பாவி குடுத்த வெஷம் ரத்தத்துல கலந்திருக்கு. எங்கிட்ட இருக்கறதுலயே வீரியமான மருந்து இதான். சீழையே அடக்கின மருந்து, வெஷத்தை அடக்காதா?"

"நான் வாங்கியாந்த பெட்டிதானே மாமா?"

அப்போதுதான் பச்சமுத்து அவனைப் பார்த்தார். கோபத்தில் உடம்பு ஆடியது. "ஆமாண்டா! அதே பெட்டிதான்! எம் பொண்ணுக்கும் அதைத்தான் போடறேன். பெத்த பொண்ணுக்குக் கெட்ட மருந்து போடுவானாடா ஒருத்தன்?"

"கெட்ட மருந்து இல்ல மாமா. அளவு தாண்டிப்போச்சு. மொதல்லயே ஜாஸ்தி. இப்ப சிறுநீரகம் நின்னப்புறம் போடறது வெளியவே போகாம உள்ளயே தேங்கும்."

"எலிக்கு டாக்டரு எனக்குச் சொல்றியா? உம் மாவு..."

"மாவு இங்க இருக்கு," என்று குரல் கேட்டது வாசலில். சுப்புராயன் மூச்சிரைக்க நின்றார். கையில் ஒரு மண்சட்டி. முதல்முறையாக அவர் வாயிலிருந்து எந்த வேடிக்கையும் வரவில்லை. "உங்க வேலியில இருந்துதுங்க. உங்க பொண்ணு வச்சது போல. நான் பிரிக்கல. நீங்களே பாருங்க."

பச்சமுத்து சட்டிக்குள் கை விட்டார். ஒவ்வொன்றாக வெளியே எடுத்தார். பத்துப் பொட்டலம். மடிப்புக் கலையவில்லை. செவ்வந்தியின் பாய் அருகே கிடந்த அந்தப் பத்தையும் பார்த்தார். நேற்றுவரை அவர் நம்பிய கதை முழுவதும் அந்த இருபது பொட்டலத்தில் உதிர்ந்துபோனதை, அங்கே யாரும் சொல்லாமலே, அவர் முகம் சொன்னது.

ஊசியைக் கீழே வைத்துவிட்டார். வைத்த இடத்தில் மருந்து சொட்டுச் சொட்டாகத் தரையில் இறங்கியது.

ராசு அவரைக் கொன்றுவிடுவான் என்று ஜெயசுதா பயந்தாள். அவன் கொடுவாளைத் தொடவில்லை. கயிற்றுக் கட்டிலை உள்ளே இழுத்து வந்து, "ஒரு கை புடிங்க சாமி," என்று யாரிடமோ கெஞ்சினான். தெருவில் கூடியிருந்தவர்களில் நாலு பேர் உள்ளே வந்தார்கள். அதில் இரண்டு பேர் மரம் வெட்டப் போனவர்கள். யாரும் யாரையும் எதுவும் கேட்கவில்லை. செவ்வந்தியைத் தூக்கிக் கட்டிலில் கிடத்தினார்கள்.

"சுப்புராயண்ணே, நீங்க சைக்கிள்ல முன்னால போங்க. டாக்டரம்மாகிட்ட மருந்து பேரைச் சொல்லுங்க, எத்தனை நாள் எவ்வளவுன்னு சொல்லுங்க. அன்பு எழுதித் தருவான்."

"ரைட்டு மேடம்," என்றார் அவர், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

ஜெயசுதா பச்சமுத்துவின் பக்கம் திரும்பினாள். அந்த மனிதரைத் திட்ட அவளுக்கு மனம் வரவில்லை. "ஐயா, இன்னொரு கட்டில் வேணும். இசைவாணியையும் கூடவே எடுத்துக்கிட்டுப் போயிடலாம். இன்னைக்குச் சாயந்தர ஊசிய மட்டும் அவளுக்குப் போடாதீங்க."

பச்சமுத்து எழுந்திருக்கவில்லை. மடியில் கிடந்த பொட்டலங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வூட்டுல போட்டுட்டுத்தாம்மா வரேன்," என்றார். "பெத்த பொண்ணாச்சேன்னு, அவளுக்கு மட்டும் வேளைக்கு ரெண்டு பாட்டிலு."